பறைக்கு ‘வேடிக்கை’ என்று பெயர் வைத்தது யார்?

நான் வீடியோ எடிட்டர். விளம்பரம், யூடியூப் தொடர், கல்யாண வீடியோ, ஆவணப்படம் என்று எது வந்தாலும் வெட்டி ஒட்டிக் கொடுப்பவன். போன வருடம் ஒரு நகைச்சுவைத் தொடரில் வேலை. காட்சி இதுதான்: கருத்த உடம்பு, கைலி, கலைந்த தலை. குடித்துவிட்டுத் தெருவில் தள்ளாடி வரும் ஒருவர் சாக்கடையில் விழ வேண்டும். இயக்குநர் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார்: “தம்பி, அந்த இடத்துல லோக்கலா ஒரு குத்து போடுங்க. கேட்டதும் சிரிப்பு வரணும்.”

சந்தா கட்டி வைத்திருக்கும் இசை நூலகத்துக்குள் போனேன். எடிட்டர்களுக்குத் தெரியும், இது ஒரு பெரிய கிடங்கு. ஆயிரக்கணக்கான ட்ராக்குகள். வகை, மனநிலை, கருவி, வேகம் என்று வடிகட்டித் தேடலாம். 30 நொடி, 60 நொடி என்று வெட்டியே வைத்திருப்பார்கள். ‘வேர்ல்டு’ என்று ஒரு கதவு இருக்கும். ‘காமெடி – நாவல்டி’ என்று இன்னொரு கதவு இருக்கும். அதற்குள் தான் சர்க்கஸ் இசை, கார்ட்டூன் சத்தம், வழுக்கி விழுவதற்கான ட்யூபா எல்லாம். ஏழாவதோ எட்டாவதோ ட்ராக்கில் என் கை நின்றது. அடிக்குச்சி விழ, சுண்டுகுச்சி இடையில் சிணுங்கும் அந்தச் சத்தம். நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றிய தோலுக்கு மட்டுமே வருகிற சத்தம். பறை.

பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன். வகை: வேர்ல்டு, இந்தியா, ட்ரைபல். மனநிலை: காமெடி, கிறுக்கு, குடிபோதை. வாசித்தவர் என்ற இடம் காலி. உரிமம்: ராயல்டி ஃப்ரீ.

என் பெரியப்பா பறை அடித்தவர். சாவு வீட்டில் விடிய விடிய அடித்துவிட்டு, கூலிக்காக வாசலுக்கு வெளியே நின்றவர். அந்தக் கூலியைக் கையில் கொடுக்காமல் தரையில் போடுவார்கள் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தச் சத்தம் தெரியாமல் இல்லை. தெரிந்தும் என்ன செய்தேன்? அந்த ட்ராக்கை டைம்லைனில் இழுத்துப் போட்டேன். அவர் சரியாகத் தாளத்தில் விழுந்தார். இயக்குநர் சிரிப்புப் பொம்மை அனுப்பினார். எனக்குப் பணம் வந்தது.

இந்தக் கட்டுரை முதலில் என் மேல் நான் வைக்கும் குற்றச்சாட்டு. பிறகு அந்தக் கிடங்கின் மேல். கடைசியாக, தோழர்களே, நம் மேலும்தான்.

‘அது வெறும் ஃபோல்டர்தானே, தேட வசதியாக ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள்’ என்பார்கள். சரி, வசதி யாருக்கு? அதே நூலகத்தில் வீணையைத் தேடிப் பாருங்கள். கிளாசிக்கல், தியானம், ஆன்மீகம், யோகா என்று வரும். மிருதங்கமும் கிளாசிக்கல். பறை மட்டும் ட்ரைபல், திருவிழா, காமெடி. இத்தனைக்கும் மிருதங்கத்தில் இருப்பதும் மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும்தான். அந்தத் தோலைப் பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, நாதம் வரவைக்கும் கைகளில் பெரும்பாலானவை தலித் கிறித்தவர்களின் கைகள். டி.எம். கிருஷ்ணா இதை ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு புத்தகமாகவே எழுதினார். 2020இல் அந்தப் புத்தக வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்கத்தைக் கலாக்ஷேத்ரா திரும்ப வாங்கிக்கொண்டது. ஆக, ஒரே தோல், ஒரே மக்களின் கைகள். சபாவுக்குள் போனால் கிளாசிக்கல், தெருவில் நின்றால் ட்ரைபல். சத்தத்தை வைத்துப் பிரித்த பிரிவா இது? அடிப்பவர் யார், அது எங்கே ஒலிக்கிறது என்பதை வைத்துப் பிரித்தது. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று இருக்கும் வரைபடத்தை அப்படியே கணினிக்குள் ஏற்றியிருக்கிறார்கள்.

‘ட்ரைபல்’ என்பதை நான் இழிவென்று சொல்லவில்லை. பழங்குடி மக்கள் நம் தோழர்கள். நீலகிரியில் கோத்தர்களுக்கென்று தனி இசை உண்டு, தனிக் கருவிகள் உண்டு. அதைக் கோத்தர் என்ற பெயரில் அந்த நூலகத்தில் தேடினேன், ஒன்றும் வரவில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் எந்தப் பழங்குடியும் இல்லை. பெயர் சொல்லத் தேவையில்லை என்று அவர்கள் முடிவு செய்த எல்லோரையும் அடைத்து வைத்த அறை அது. பறை, உறுமி, ஆப்பிரிக்க டிஜெம்பே, ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் டிஜெரிடூ எல்லாம் ஒரே அறையில்.

இந்த அறையைக் கட்டியவர்கள் யார் என்று பார்த்தால், அது இசைத்தட்டு விற்பனையில் போய் நிற்கிறது. அமெரிக்காவில் 1920களிலிருந்து கறுப்பின மக்களின் பாட்டுகளை ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்று தனியாகப் பிரித்து விற்றார்கள். இனத்தட்டு! பில்போர்டு பத்திரிகையின் தரவரிசையே 1949 வரை அந்தப் பெயரில்தான் இருந்தது. பிறகு அதற்கு ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்று பெயர் மாற்றினார்கள். ‘வேர்ல்டு மியூசிக்’ இன்னும் சமீபத்துக் கதை. அந்தச் சொல் முன்பே இருந்தாலும், கடையில் ஒட்டும் சீட்டாக அது முடிவானது 1987இல், லண்டனில் ஒரு மதுக்கடையில். சில சின்ன இசைத்தட்டு நிறுவனக்காரர்கள் கூடிப் பேசினார்கள். பிரச்சினை என்ன? மாலியிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் பல்கேரியாவிலிருந்தும் வரும் தட்டுகளைக் கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. சரி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சீட்டு ஒட்டிவிடலாம் என்றார்கள். ‘உலகம்.’ அப்படியானால் லண்டனும் நியூயார்க்கும் எங்கே இருக்கின்றன? அவை உலகத்தில் இல்லை. அவை அலமாரியை அடுக்கும் இடத்தில் இருக்கின்றன.

கிராமி விருதுக்காரர்கள் 2020இல் ‘வேர்ல்டு மியூசிக்’ என்ற பெயரில் காலனிய வாடை அடிக்கிறது என்று சொல்லி ‘குளோபல் மியூசிக்’ என்று மாற்றினார்கள். நமக்கு இந்த வித்தை புதிதில்லை. காலனி என்ற பெயரை எடுத்துவிட்டு நகர் என்று பலகை வைத்தால் இரட்டைக் குவளை மறைந்துவிடுமா?

அலமாரியில் அடுக்கினால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு மனிதரின் கதையைச் சொல்ல வேண்டும். 1939இல் ஜோகன்னஸ்பர்க்கில் சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர் தன் குழுவோடு ‘ம்பூபே’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். ம்பூபே என்றால் சிங்கம். கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்தவர். பாட்டைப் பதிவு செய்த அதே நிறுவனத்தில் தட்டுகளைக் கட்டி அனுப்பும் வேலை பார்த்தவர். பாட்டின் உரிமைக்கு அவருக்குக் கிடைத்தது 10 ஷில்லிங்.

அந்தத் தட்டு அமெரிக்கா போனது. 1950களின் தொடக்கத்தில் பீட் சீகரின் வீவர்ஸ் குழு அதை ‘விமோவே’ என்று பாடியது. தட்டில் இருந்த ஜூலு சொல் சரியாகக் காதில் விழாததால் பிறந்த சொல் அது. 1961இல் டோக்கன்ஸ் என்ற வெள்ளை இளைஞர் குழு ஆங்கில வரிகளோடு ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ என்று பாடியது. அமெரிக்காவில் முதலிடம். 1994இல் டிஸ்னியின் ‘தி லயன் கிங்’ படத்தில் ஒரு கீரியும் காட்டுப்பன்றியும் ஆடிப் பாடும் நகைச்சுவைத் துண்டாக அது வந்தது. ஒரு ஜூலு தொழிலாளியின் பாட்டு, முதலில் ‘உலகம்’ ஆகி, பிறகு ‘வேடிக்கை’ ஆனது இப்படித்தான்.

லிண்டா 1962இல் வறுமையில் செத்தார். அவருடைய ஒரு மகள் 2001இல் எய்ட்ஸ் நோய்க்கு மருந்து வாங்கக் காசில்லாமல் இறந்தார். 2004இல் குடும்பம் டிஸ்னி மேல் வழக்குப் போட்டது. எந்தச் சட்டத்தை வைத்துத் தெரியுமா? 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பேரரசுப் பதிப்புரிமைச் சட்டம். படைத்தவர் இறந்து 25 வருடம் கழித்து உரிமை வாரிசுகளுக்குத் திரும்ப வேண்டும் என்று அதில் ஒரு விதி இருந்தது. 2006இல் உடன்பாடு ஏற்பட்டு, லிண்டாவின் பெயரும் பாட்டின் இணைப்படைப்பாளர் என்று ஏறியது. பாடி 67 வருடம் கழித்து.

இதில் நமக்கு வலிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பீட் சீகர் கெட்டவர் இல்லை. இடதுசாரி. கறுப்பின மக்களின் உரிமைக்காக நின்றவர். லிண்டாவுக்குப் பணம் போக வேண்டும் என்று பதிப்பாளரிடம் சொன்னவர்தான். ஆனால் ஒப்பந்தத்தில் எழுதாத நல்லெண்ணம் லிண்டாவின் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. முற்போக்கு மனசு ராயல்டி கொடுக்காது. காகிதத்தில் ஏறிய பெயர்தான் கொடுக்கும்.

இன்னொரு பெண். பசிபிக் கடலில் சாலமன் தீவுகளின் மலைத்தா தீவைச் சேர்ந்த அஃபுனாக்வா. அவர் பாடிய ஒரு தாலாட்டை ஹ்யூகோ ஸெம்ப் என்ற ஆய்வாளர் பதிவு செய்தார். யுனெஸ்கோ வரிசை இசைத்தட்டில் அது வெளிவந்தது. பெற்றோரை இழந்து அழும் தம்பியைப் பெரிய பிள்ளை தேற்றுகிற பாட்டு. 1992இல் டீப் ஃபாரஸ்ட் என்ற பிரெஞ்சுக் குழு அந்தக் குரலை எடுத்து, கீழே தாளம் போட்டு ‘ஸ்வீட் லல்லபை’ என்று வெளியிட்டது. உலகெங்கும் விற்றது, விளம்பரங்களில் ஒலித்தது. பிறகு ஒரு நார்வே இசைக்கலைஞர் அதே மெட்டை வாசித்து, அதற்கு ‘பிக்மி தாலாட்டு’ என்று பெயர் வைத்தார். பசிபிக் தீவுப் பெண்ணின் பாட்டு மத்திய ஆப்பிரிக்கக் காட்டுக்குப் போய்விட்டது! யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அந்த அறைக்குள் போன பிறகு மலைத்தாவும் ஒன்றுதான், ஆப்பிரிக்காவும் ஒன்றுதான். அநாதைப் பிள்ளையின் அழுகை கார் விற்கும் இதமான பின்னணி ஆகிவிட்டது. சாவுக்கு அடிக்கும் பறை, சாக்கடையில் விழுபவனுக்குச் சிரிப்பு ஆனதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இப்போது ‘ராயல்டி ஃப்ரீ’ என்ற சொல்லுக்கு வருகிறேன். அதற்கு இலவசம் என்று அர்த்தமில்லை. நான் சந்தா கட்டுகிறேன். ஒருமுறை கட்டினால் போதும், எத்தனை முறை ஒளிபரப்பினாலும் மேற்கொண்டு தர வேண்டியதில்லை. என் பணம் நூலகத்துக்குப் போகிறது. அங்கிருந்து ட்ராக்கை உருவாக்கியவருக்கு ஒரு தொகை போகலாம். பறையை அடித்தவருக்கு? ஏதோ ஒரு ஸ்டுடியோவில் ஒருநாள் கூலி. அந்த ஒருநாள் சத்தம் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, ஆயுளுக்கும் அவர் பெயர் இல்லாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். பரம்பரை பரம்பரையாகக் கூலி கேட்க உரிமையில்லாமல் வேலை வாங்குவதற்கு நம் ஊரில் ஒரு பெயர் உண்டு. வெட்டி. வெட்டி வேலை, வெட்டியான் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். சாவுக்குச் சொல்லப் போ, பிணத்துக்கு முன்னால் அடி, குழி வெட்டு, கேள்வி கேட்காதே. ராயல்டி ஃப்ரீ என்பது அதே வெட்டியின் ஆங்கில உரிமப் பத்திரம்.

நம் இயக்க வரலாற்றில் பறையைக் கீழே போட்டவர்கள் உண்டு. இனிச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்து அடிவாங்கியவர்கள். பறையைக் கையில் எடுத்தவர்களும் உண்டு. இது இழிவில்லை, எங்கள் போர்க்கருவி என்று மேடையேற்றியவர்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையை அடித்துக்கொண்டு ஆடியது சாதிக்கும் ஆணுக்கும் சேர்த்துக் கொடுத்த அடி. 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியபோது கானாவும் பறையும் ராப்பும் ஒன்றாக நின்றன. 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கீழே போட்டவர்களும் கையில் எடுத்தவர்களும் கேட்டது ஒன்றைத்தான். எங்கள் உழைப்புக்கு நாங்கள்தான் பெயர் வைப்போம், விலை வைப்போம், வேண்டாமென்றால் மறுப்போம். பெயரற்ற அந்த ட்ராக் இந்த மூன்றையும் சத்தமில்லாமல் பறித்துக்கொள்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்பவர்கள் சட்டத்தைப் படிக்கட்டும். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957, ‘நிகழ்த்துபவர்’ என்பதற்குள் பாடகர், இசைக்கலைஞர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை பட்டியல் போட்டுச் சேர்க்கிறது. 2012 திருத்தத்தில் 38ஏ, 38பி என்று இரண்டு பிரிவுகள் வந்தன. தன் நிகழ்த்துதல் வணிகமாகப் பயன்பட்டால் ராயல்டி கேட்கலாம். என்னை நிகழ்த்தியவர் என்று அடையாளம் காட்டு என்று கேட்கலாம். என் பெயருக்குக் கேடு வரும்படி சிதைக்காதே என்று தடுக்கலாம். ஆனால் அதே திருத்தம் ஒரு விதிவிலக்கையும் சேர்த்தது. சினிமாவில் போகிறபோக்கில் வந்துபோகும் ஒருவருக்குப் பெயர் போடும் வழக்கம் தொழிலில் இல்லையென்றால், சிதைப்பைத் தடுக்கும் அந்த ஒன்றைத் தவிர, மற்றதற்கெல்லாம் அவர் நிகழ்த்துபவரே அல்ல! பெயர் போடுவது வழக்கமில்லை, அதனால் உரிமையில்லை. உரிமையில்லை, அதனால் பெயர் போடத் தேவையில்லை. இந்த வட்டம் நமக்குப் பழக்கமான வட்டம்தானே? கிணற்றில் இறங்கும் வழக்கமில்லை, அதனால் இறங்கக் கூடாது.

பெரிய வெற்றியும் இதிலிருந்து காப்பாற்றாது. ‘எஞ்சாய் எஞ்சாமி’ கோடிக்கணக்கான பேர் கேட்ட பாட்டு. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அதை வைத்து அட்டைப்படம் போட்டபோது, எழுதிப் பாடிய அறிவு அதில் இல்லை. கேள்விகள் எழுந்த பிறகுதான் அவருக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. அறிவுக்கே இதென்றால், ஒருநாள் கூலிக்கு அடித்துவிட்டு பஸ் ஏறியவருக்கு?

‘கலை எல்லோருக்கும் பொது’ என்று ஒரு குரல் வரும். வரட்டும். பொது என்றால் கிளாசிக்கல் அறையின் சாவியையும் பொதுவாக்குங்கள், பிறகு பேசுவோம். எங்கள் பாட்டு மட்டும் ‘பாரம்பரியம்’, அதனால் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதை வெட்டி ஒட்டிய ட்ராக்குக்கு மட்டும் உரிமையாளர் உண்டு. அந்த ட்ராக்கோடு சத்தம் ஒத்துப்போனால், நம் ஊர் ஆள் வாசித்து ஏற்றிய வீடியோவுக்கே யூடியூபில் உரிமைக்கோரல் வந்து நிற்க வழியிருக்கிறது. இது பொதுவுடைமை இல்லை. பொதுக்கிணற்றுக்குப் பட்டா போடுவது.

‘பட்ஜெட் இல்லை, நாளைக் காலையில் டெலிவரி’ என்பது அடுத்த குரல். இது என் குரலும்தான். அதனால்தான் நம் பக்கத்துக்கு வருகிறேன். போன ஏப்ரல் 14க்கு ஒரு அமைப்புக்காக அம்பேத்கர் வீடியோ வெட்டினேன். வீரமாக இருக்க வேண்டும் என்றார்கள். நான் ‘ட்ரைபல் வார் டிரம்ஸ்’ என்று தேடி ஒரு ட்ராக்கைப் போட்டேன். எந்தக் கண்டத்துச் சத்தம் என்று எனக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. ஆயிரக்கணக்கில் பகிர்ந்தார்கள். அந்த அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பறைக்குழு இருக்கிறது. நாங்கள் யாரும் போய்க் கேட்கவில்லை. படிநிலை என்பதை மேலே ஏற ஏற மரியாதையும் கீழே இறங்க இறங்க இகழ்ச்சியும் கூடுகிற அமைப்பு என்று நமக்கு விளக்கியவர் அம்பேத்கர். அவர் பிறந்தநாளுக்கு, பெயர் தெரியாத யாரோ ஒருவரின் தாளத்தை இனாமாக எடுத்து ஓடவிட்டிருக்கிறோம்.

ஆகவே சொல்லிவிட்டுப் போகாமல், செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கேமரா, எடிட்டிங், ரீல்ஸ் என்று இருக்கும் தோழர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, தேடும்போது கருவியின் பெயரையும் ஊரின் பெயரையும் போட்டுத் தேடுங்கள். வாசித்தவர் பெயர் இல்லாத ‘எத்னிக்’ ட்ராக்கைத் தொடாதீர்கள். ஏன் தொடவில்லை என்று அந்த நூலகத்துக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். அவர்களுக்குப் புரிகிற மொழி சந்தாதான். இரண்டு, பதிவு செய்ய வாய்ப்பிருந்தால் ஆட்களைக் கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். ஒரு நல்ல ரெக்கார்டரும் எதிரொலிக்காத ஒரு அறையும் போதும். கூலியை முன்பே பேசுங்கள். எந்த வீடியோவுக்கு, எத்தனை காலத்துக்கு, வேறு இடத்தில் பயன்படுத்தினால் எவ்வளவு என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, படித்துக் காட்டி, ஒரு பிரதி அவர்கள் கையில் கொடுங்கள். சீகர் செய்யத் தவறியது அதுதான். மூன்று, படத்தோடு கொடுக்கும் க்யூ ஷீட்டில், எந்த நொடியில் எந்த இசை என்று எழுதும் அந்தப் பட்டியலில், ‘பாரம்பரியம்’ என்று முடிக்காமல் அடித்தவர் ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள். நான்கு, கருத்த உடம்பு வந்தால் காமெடி மேளம், குடிசை வந்தால் சோகக் குழல் என்று இயக்குநர் கேட்டால், “வேண்டாண்ணே” என்று சொல்லிப் பழகுங்கள். வேலை போகும் என்ற பயம் எனக்கும் உண்டு. ஒருவர் சொன்னால் போகும். பத்துப் பேர் சொன்னால் அவர் வேறு ட்ராக் தேடுவார்.

இந்த ஏப்ரலில் நான் அந்த இரண்டு தெருவையும் நடந்தே போனேன். மூன்று பேர் வந்தார்கள். வெயிலில் பறையைக் காய வைத்து, போதாதென்று வைக்கோல் கொளுத்திக் காய்ச்சி, ஒரு மணி நேரம் அடித்தார்கள். பணத்தைக் கையில் கொடுத்தேன். தாளைப் படித்துக் காட்டினேன். மூத்தவர் கையெழுத்துப் போடும் முன் கேட்டார்: “தம்பி, இத எதுக்குப் போடுவ? காமெடிக்கா?”

அந்தக் கேள்விக்கு முன்னால் எனக்கு வேறு எந்தத் தண்டனையும் தேவைப்படவில்லை. “இல்லண்ணே, ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கு” என்றேன். எழுதியிருந்தேன், நல்லவேளை.

ஜெய்பீம்.